கையை மீறி இழுக்கற குதிரைக்கு எந்த பிட் வாங்கறது? பாண்டி, கடலூர் பக்கம் புதுசா குதிரை ஓட்டறவங்களுக்கு

"குதிரை ரொம்ப இழுக்குதுண்ணா, ஸ்ட்ராங்கா ஒரு பிட் சொல்லுங்க". புதுசா குதிரை வாங்கின தம்பிங்க கேக்கற முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். கேக்கறதுல தப்பே இல்ல, 400, 450 கிலோ எடை இருக்கற ஒரு ஜீவன் வீராம்பட்டினம் பீச்ல மூக்கை நீட்டிக்கிட்டு கெளம்பிடுச்சுன்னா மேல உக்காந்திருக்கறவனுக்கு கையில இருக்கற அந்த ரெண்டு வாரைத் தவிர வேற ஒண்ணும் ஞாபகத்துக்கு வராது. ஆனா பிட் பேரை மட்டும் சொல்லி அனுப்பிட்டா அது பாதி பதில்தான். குதிரை எதுக்கு இழுக்குது, எப்படி இழுக்குது, இந்த ரெண்டும் தெரியாம கடைக்குப் போனா கடைக்காரர் எதை எடுத்துக் காட்டறாரோ அதைத்தான் வாங்கிட்டு வருவீங்க.

இங்க நான் பிட்னு சொல்றது வாய்க்குள்ள போற அந்த இரும்பை மட்டும். தலையில மாட்டற மொத்த செட்டு கடிவாளம், கையில பிடிக்கறது ரெயின்ஸ். நம்ம ஊர்ல மூணையும் சேர்த்து கடிவாளம்னே சொல்லிடுவோம், அதனாலதான் முதல்லயே சொல்லி வச்சிடறேன்.

முதல்ல: எதுக்கு இழுக்குதுன்னு பாருங்க

நம்ம பக்கம் வர்ற குதிரைங்க பெரும்பாலும் மூணு வழியில வரும். சென்னை, பெங்களூர் ரேஸ்ல ஓடி முடிச்ச தரப்ரெட், வடக்கேர்ந்து வர்ற மார்வாரி இல்ல கத்தியவாரி, அப்புறம் கல்யாண ஊர்வலம், நாட்டியக் குதிரைன்னு வேலை பாத்துட்டு கை மாறி வர்றது. மூணும் இழுக்கும், ஆனா காரணம் வேற வேற.

ரேஸ் குதிரை கதை தனி. அங்க ஜாக்கி ரெயினை டைட்டா புடிச்சுக்குவாரு, குதிரை அந்தப் பிடிமேல சாஞ்சுக்கிட்டு பேலன்ஸ் பண்ணித்தான் ஓடும், அதாவது சின்ன வயசுலேர்ந்தே அதுக்கு ரெயின் டைட் ஆச்சுன்னா "ஓடு"ன்னு அர்த்தம். நீங்க பயந்து போய் இறுக்கி இழுக்க இழுக்க அது இன்னும் சந்தோஷமா போகும். இதுக்கு கடுமையான பிட்டு மாட்டினா ரெண்டு நாள் ஷாக்ல நிக்கும், அப்புறம் அதுமேலயும் சாய ஆரம்பிச்சிடும். இந்த மாதிரி குதிரைக்கு மறுபடியும் முதல்லேர்ந்து நிக்கக் கத்துக்கொடுக்கணும், அதுக்கு மாசக்கணக்கு ஆகும், குறுக்கு வழி கெடையாது.

நாட்டியக் குதிரை, ஊர்வலக் குதிரைன்னா பெரும்பாலும் வாய்ல வலி ஞாபகம் இருக்கும். கையைத் தூக்கினாலே தலையை வானத்துக்குத் தூக்கிக்கிட்டு முதுகை உள்ள வாங்கி குதிக்கும். அது திமிரு இல்ல, பயம்.

அடுத்தது தீனி. கொள்ளு வேகவச்சு, ஓட்ஸ் போட்டு, நாள் பூரா லாயத்துல கட்டிப்போட்டுட்டு சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும் வெளிய எடுத்தா எந்தக் குதிரையும் இழுக்கத்தான் செய்யும். ஒரு வாரம் தானியத்தைக் குறைச்சு, பசும்புல்லும் காஞ்ச புல்லும் அதிகமாக் குடுத்து, தினம் கொஞ்ச நேரம் அவுத்து விட்டுப் பாருங்க. காசு செலவில்லாத வைத்தியம்.

அப்புறம் வலி. இதைத்தான் எல்லாரும் தாண்டிப் போயிடறாங்க. ஆரோவில் பக்கத்துல ஒரு தோட்டத்துல செம்பழுப்பு நிறத்துல ஒரு கெல்டிங், அதாவது காயடிச்ச ஆண் குதிரை, பழைய ரேஸ் குதிரை, இடது பக்கம் மட்டும் கல்லு மாதிரி கனமா இருக்கும், வலது பக்கம் சுலபமா திரும்பும். ஓனர் மூணு வகை பிட்டு வாங்கிட்டாரு. கடைசியில கண்டுபிடிச்சவரு அதைப் பாத்துக்கற குதிரைக்காரர். கொள்ளு வச்சா பாதி மென்னபடியே தொட்டிக்கு வெளிய உருண்டை உருண்டையா விழுது, தலையை ஒரு பக்கமா சாச்சுக்கிட்டு மெல்லுதுன்னு சொன்னாரு. வாயைத் திறந்து பாத்தா மேல் கடைவாய்ப் பல்லோட வெளி ஓரம் கத்தி மாதிரி கூர்மையா, கன்னத்து உள்பக்கம் ஒரே புண்ணு. குதிரைக்கு மேல் தாடை அகலம், கீழ் தாடை ஒடுக்கம், பல்லு வாழ்நாள் பூரா மேல வந்துக்கிட்டே இருக்கும், அதனால மேல வெளி ஓரமும் கீழ உள் ஓரமும் தேயாம கூராயிடும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது டாக்டரை விட்டு அரம் போட்டு ராவணும். அந்தக் குதிரைக்கு ராவி, புண்ணு ஆறினப்புறம் பழைய சாதா பிட்லயே இழுப்பு பாதியாக் கொறஞ்சுது.

அதே நேரத்துல ஓநாய்ப் பல்லு இருக்கான்னும் பாக்கச் சொல்லுங்க. கடைவாய்ப் பல்லுக்கு முன்னாடி, பெரும்பாலும் மேல் தாடையில, சின்னதா ஒரு குட்டிப் பல்லு, எல்லாக் குதிரைக்கும் இருக்காது. இருந்தா சில குதிரைக்கு பிட்டு போய் அதுல இடிக்கும். பாண்டியில குரும்பாபேட்ல கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, குதிரைப் பல்லு வேலை பாக்கற டாக்டர் இருக்காரான்னு முன்கூட்டியே கேட்டுட்டுப் போங்க. சேணம் முதுகுல குத்துதா, லாடம் சரியா இருக்கான்னும் அப்படியே ஒரு பார்வை பாத்துடுங்க. முதுகு வலிச்சாலும் குதிரை அந்த வலியை விட்டு ஓடப் பாக்கும்.

ரெண்டாவது: எப்படி இழுக்குதுன்னு கவனிங்க

ஃபிரெண்டு யாரையாவது போன்ல வீடியோ எடுக்கச் சொல்லுங்க, மேல உக்காந்திருக்கறப்ப எல்லாமே "இழுக்குது"ன்னுதான் தெரியும், பக்கவாட்டுலேர்ந்து பாத்தாதான் வித்தியாசம் புரியும்.

தலையைக் கீழ இறக்கி உங்க கைமேல மொத்த பாரத்தையும் போடுதா? இது சாய்ற குதிரை. தலையை மேல தூக்கி மூக்கை முன்னாடி நீட்டுதா? இது பிட்லேர்ந்து தப்பிக்கற குதிரை. தாடையை நெஞ்சுல ஒட்டிக்கிட்டு கழுத்தை வளைச்சுக்கிட்டு ஓடுதா? பாக்க அழகா இருக்கும், போஸ்டர் மாதிரி, ஆனா இதுதான் ரொம்ப ஆபத்து, ஏன்னா உங்க கைக்கு அங்க ஒண்ணும் கெடைக்காது. வெடுக்கு வெடுக்குன்னு ரெயினைப் புடுங்குதா? பெரும்பாலும் வாய்ல ஏதோ உறுத்துது, இல்லன்னா உங்க கை ஆடுது. நேரா போறப்ப பரவால்ல, திரும்பறப்ப மட்டும் தோளைக் காட்டிக்கிட்டு வேற பக்கம் போகுதா? அது பிரேக் பிரச்சனையே இல்ல, ஸ்டியரிங் பிரச்சனை.

எந்த இடத்துல இழுக்குதுங்கறதையும் குறிச்சு வைங்க. லாயத்துக்குத் திரும்பி வர்றப்ப மட்டும் இழுத்தா அதுக்கு பிட்டு வாங்க வேணாம், வழியை மாத்துங்க, வீட்டுக்குக் கிட்ட வந்ததும் இறங்கி நடத்திக் கூட்டிட்டு வாங்க.

மூணாவது: வாயைப் பாத்துட்டு அளவெடுங்க

இதை அவசரப்படாம பண்ணுங்க. குதிரை அமைதியா இருக்கறப்ப, பழக்கமான ஆள் ஒருத்தர் தலைக்கயிறைப் புடிச்சுக்கட்டும், நீங்க நேர் முன்னாடி நிக்காம பக்கத்துல நின்னுக்கங்க. முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவுல பல்லே இல்லாத ஒரு இடைவெளி இருக்கும், பிட்டு உக்காரற இடம் அதுதான். உதட்டு ஓரத்துல கட்டை விரலை விட்டு கீழ் ஈறைத் தடவிப் பாருங்க, மெல்லிசா தோலு, அடியிலயே எலும்பு, நம்ம முழங்கால் முன்னெலும்பு மாதிரி. அதுல இடி பட்டா எப்படி இருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. ஆண் குதிரைக்கு அந்த இடைவெளியில கோரைப் பல்லும் இருக்கும், பிட்டு அதுல தட்டக்கூடாது.

உதட்டைக் கொஞ்சம் விலக்கி நாக்கைப் பாருங்க. நிறைய குதிரைக்கு நாக்கு தடிச்சு ரெண்டு ஓரத்துலயும் பிதுங்கி நிக்கும், மேல் அண்ணம் தாழ்வா இருக்கும், உள்ள இடமே இருக்காது. அதனால "தடிமனான பிட்டுதான் மென்மையானது"ன்னு பழைய ஆளுங்க சொல்றதை அப்படியே எடுத்துக்காதீங்க. இடமில்லாத வாய்ல தடி பிட்டைத் திணிச்சா குதிரை வாயை மூடவே முடியாம அவஸ்தைப்படும். நடுத்தரமா 14 மில்லிமீட்டர் சுத்தி ஆரம்பிச்சா போதும். உதட்டு ஓரத்துல வெள்ளையா முடியோ தழும்போ இருந்தா முன்னாடி யாரோ பிட்டால காயம் பண்ணியிருக்காங்கன்னு அர்த்தம்.

அளவுக்கு எலெக்ட்ரீஷியன் கிட்ட கெடைக்கற அரை இன்ச் பிவிசி பைப் துண்டு போதும், முனையை நல்லா உப்புத்தாள் போட்டுத் தேச்சிட்டு பிட்டு உக்காரற இடத்துல வச்சு, ரெண்டு உதட்டு ஓரத்துலயும் மார்க்கர்ல கோடு போட்டுக்கங்க. அதுதான் வாய் அகலம். வளையம் சுத்தற லூஸ் ரிங்குக்கு பக்கத்துக்கு கால் இன்ச் கூட்டணும், வளையம் அசையாத எக்பட் டைப்புக்கு அதுல பாதி போதும். 5 இன்ச் சுத்தித்தான் நிறைய குதிரைக்கு வரும், மார்வாரிக்கு கொஞ்சம் கம்மியாவும் வரலாம், ஆனா அனுமானத்துல வாங்காதீங்க. சின்னதா இருந்தா உதட்டைக் கடிக்கும், பெருசா இருந்தா பக்கத்துக்குப் பக்கம் வழுக்கிக்கிட்டே இருக்கும், நடு மூட்டும் தப்பான இடத்துல போய் நிக்கும்.

மாட்டினதும் உதட்டு ஓரத்துல ஒண்ணு ரெண்டு சுருக்கம் தெரிஞ்சா உயரம் சரி. சிரிக்கற மாதிரி இழுத்துக்கிட்டு நின்னா அது டைட்.

நாலாவது: இப்பதான் பிட்டு

ஆரம்பம் எல்லாருக்கும் ஸ்னாஃபிள்தான். ரெயின்ல நீங்க எவ்வளவு இழுக்கறீங்களோ அவ்வளவுதான் வாய்க்குப் போகும், கூடுதலா பெருக்காது. நடுவுல ஒரே ஒரு மூட்டு இருக்கறதுதான் கடையில சுலபமா கெடைக்கும், அதை ரெண்டு கையிலயும் ஒரே நேரத்துல இழுத்தா நாக்கை ரெண்டு பக்கமும் நெருக்கும். நாக்கு தடிச்ச குதிரை இதுல வாயைத் திறந்து திறந்து மூடும். அதுக்கு நடுவுல சின்னதா ஒரு லோசெஞ்ச், அதாவது உருண்டையான இணைப்புத் துண்டு வச்ச ரெண்டு மூட்டு பிட்டு மாத்திப் பாருங்க. "இழுக்கற குதிரை"ன்னு பேர் வாங்கின பல குதிரைக்கு தேவைப்பட்டது இந்த மாதிரி மென்மையான பக்கம் போறதுதான்னு நான் அடிச்சு சொல்வேன், வலி இல்லன்னா எதை எதிர்த்து அது இழுக்கும்?

சாய்ற குதிரைக்கு, லூஸ் ரிங் நல்லது. வளையம் சுத்திக்கிட்டே இருக்கும், பிடிச்சு சாய ஒரு நிலையான இடம் கெடைக்காது. அப்பவும் சாஞ்சா வாட்டர்ஃபோர்ட்னு ஒண்ணு இருக்கு, உருண்டை உருண்டையா கோத்த சங்கிலி மாதிரி, எல்லாப் பக்கமும் வளையும். நல்லா வேலை செய்யும், ஆனா கை நிலையா இல்லாதவங்க, ரெயினை இடது வலதுன்னு அறுக்கற பழக்கம் இருக்கறவங்க தொடவே வேணாம்.

திரும்பாத குதிரைக்கு ஃபுல் சீக், ரெண்டு பக்கமும் நீள கம்பி வச்சது, கன்னத்துல அழுத்தித் திருப்பும். டி ரிங்கும் அதே வேலையைக் கொஞ்சம் மென்மையா செய்யும், ரேஸ்ல ஓடின குதிரைக்கு பழகினதும்கூட.

லூஸ் ரிங், எக்பட், லோசெஞ்ச் இதெல்லாம் பாத்தும் போதலன்னாதான் லெவரேஜ் பிட்டு பக்கம் வரணும். இதுல கம்பி கீழ நீண்டு இருக்கும், ரெயின் கீழ மாட்டும், அதனால நீங்க இழுக்கறது பெருகிப் போகும், வாய்க்கு மட்டும் இல்லாம காதுக்குப் பின்னாடி உச்சந்தலைக்கும், தாடைக்கு அடியில சங்கிலி போட்டா அங்கயும். கம்பி எவ்வளவு நீளமோ அவ்வளவு கடுமை.

இதுல புதுசா வர்றவங்களுக்கு கிம்பிள்விக் பரவால்ல. ஒரே ரெயின், குட்டிக் கம்பி, தாடைச் சங்கிலி, மேல இருக்கற ஓட்டையில மாட்டினா மென்மை, கீழ மாட்டினா கொஞ்சம் கடுமை. பெல்ஹம் இன்னும் நல்லது, ஆனா ரெண்டு ரெயின், சாதாரணமா மேல் ரெயின்ல ஓட்டிக்கிட்டு தேவைப்படறப்ப மட்டும் கீழ் ரெயினை எடுக்கணும், அந்த விரல் வித்தை வர கொஞ்ச நாள் ஆகும். சங்கிலியைப் பிரி எடுத்து தட்டையா, தாடைப் பள்ளத்துல படியற மாதிரி மாட்டுங்க, கம்பி 45 டிகிரி பின்னாடி வர்றப்பதான் சங்கிலி பிடிக்கணும். முறுக்கி மாட்டின சங்கிலியோட நிறைய குதிரையைப் பாத்திருக்கேன், பாவம்.

டச் கேக் (gag), மூணு வளையம் நாலு வளையம் வச்சது, கடையில "ஸ்ட்ராங் பிட்டு"ன்னு கேட்டா முதல்ல எடுத்துக் காட்டறது இதுவாத்தான் இருக்கும். வாய்ல மேல ஏறும், உச்சந்தலையைக் கீழ அழுத்தும், ரெண்டும் ஒரே நேரத்துல எதிரெதிர் வேலை. மூக்கைத் தூக்கிட்டு ஓடற குதிரைக்கு உதவலாம், ஆனா கடைசி வளையத்துல ஒத்த ரெயின் மாட்டி தினமும் ஓட்டறது எனக்கு ஒத்துக்கவே ஒத்துக்காது. பெரிய வளையத்துல ஒரு ரெயின், கீழ ஒரு ரெயின், இல்லன்னா விட்டுடுங்க.

தாடையை நெஞ்சுல ஒட்டற குதிரைக்கு லெவரேஜ் கூடவே கூடாது, இன்னும் சுருண்டுக்கும். அதுக்கு மூட்டே இல்லாம லேசா வளைஞ்ச முல்லன் பிட்டு, ரப்பர் இல்ல பிளாஸ்டிக் சுத்தினது, கூடவே காலால முன்னாடி அனுப்பற பயிற்சி.

"அப்ப பிட்டே இல்லாம ஹாக்கமோர் போட்டா?" அதுவும் ஒரு வழிதான். வாய்ல புண்ணு இருக்கற குதிரைக்கு நல்ல ஓய்வு. ஆனா கம்பி நீளமா இருக்கற மெக்கானிகல் ஹாக்கமோர் மூக்கெலும்பை நல்லா நசுக்கும், கீழ இறக்கி மாட்டினா மூச்சையும் அடைக்கும்.

போட்டிக்குப் போற எண்ணம் இருந்தா ரூல் புக்கைப் பாத்துட்டு வாங்குங்க. ஆரம்ப நிலை டிரெசாஜ்ல, அதாவது குதிரையை அடக்கமா நடத்திக் காட்டற போட்டியில, ஸ்னாஃபிள்தான், டச் கேக், கிம்பிள்விக் எல்லாம் போட்டுட்டுப் போனா வெளிய அனுப்பிடுவாங்க. ஜம்பிங்ல அவ்வளவு கெடுபிடி இல்ல.

தொடவே கூடாதது

முள்ளு பிட்டு. ஊர்வலக் குதிரை, வண்டிக் குதிரை வாய்ல இன்னும் இருக்கு, ரெண்டு பக்கமும் ஆணி மாதிரி கூர் வச்சு. 1965-ல வந்த மத்திய அரசு விதியே, பாரம் இழுக்கற, சுமக்கற மிருகங்களுக்கான வதைத் தடுப்பு விதி, முள்ளு வச்ச பிட்டையும் முள்ளு வச்ச குச்சியையும் தடை பண்ணியிருக்கு. குதிரையோட சேத்து இலவசமா குடுத்தாலும் வாங்கிக்காதீங்க, வாங்கிட்டா உடைச்சு பழைய இரும்புக்குப் போட்டுடுங்க. முறுக்குக் கம்பி, சைக்கிள் செயின் மாதிரி பல்லு வச்சது, இதெல்லாமும் அதே ஜாதிதான்.

இன்னொண்ணு, வாயைத் திறக்குதுன்னு மூக்குப் பட்டையை இறுக்கிக் கட்டறது. மூக்கு மேல் எலும்புல ரெண்டு விரல் தாராளமா நுழையணும். வாயைக் கட்டினா பிரச்சனை தெரியாம போகும், அவ்வளவுதான்.

அஞ்சாவது: பழக்கறது

புது பிட்டை எடுத்துக்கிட்டு நேரா தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்குப் போயிடாதீங்க. முதல் நாள் மாட்டி, லாயத்துலயே கால் மணி நேரம் சும்மா மெல்ல விடுங்க. அடுத்த நாள் கையில புடிச்சு நடத்தி, நிறுத்தி, பின்னாடி ரெண்டு அடி வரச் சொல்லிப் பாருங்க. அப்புறம் வேலி போட்ட எடத்துல ஏறுங்க. குண்டு சட்டியில குதிரை ஓட்டறான்னு பசங்க கிண்டல் பண்ணுவாங்க, பண்ணட்டும், இந்த வேலைக்கு குண்டு சட்டிதான் சரி.

நடை, நில்லு. நடை, டிராட் (துள்ளு ஓட்டம்), நடை, நில்லு. நிறுத்தறப்ப முதல்ல முதுகை நிமித்தி உக்காந்து மூச்சை விடுங்க, அப்புறம் விரலை மூடுங்க, குதிரை ஒரு நூல் இசைஞ்சாலும் உடனே விரலைத் திறங்க. இந்த விடறதுதான் முக்கியம். விடாம புடிச்சுக்கிட்டே இருந்தா குதிரைக்கு எது சரின்னு எப்படித் தெரியும்? ரேஸ் குதிரைக்கு இது ரெண்டு மடங்கு உண்மை.

வாயை மூடிக்கிட்டு லேசா மென்னு, உதட்டுல கொஞ்சம் நுரை வந்தா பிடிச்சிருக்குன்னு அர்த்தம். நாக்கை வெளிய தள்ளுது, பிட்டுக்கு மேல நாக்கைத் தூக்கிப் போடுது, தலையை ஆட்டுது, வாலை அடிக்குது, நுரையில ரத்தம் தெரியுதுன்னா இறங்கிடுங்க. கழட்டினதும் உதட்டு ஓரத்தையும் ஈறையும் தினமும் பாருங்க.

பீச்சுக்கு முதல் தடவை போறப்ப அமைதியான இன்னொரு குதிரையோட, காலையில கூட்டம் வர்றதுக்கு முன்னாடி போங்க. போறப்ப ஓட்டம், வர்றப்ப நடை, இதை மாத்தவே மாத்தாதீங்க. மாசி மகம் மாதிரி நாள்ல மேளம், வெடி, ஜனம்னு இருக்கும், அன்னிக்கு எந்த பிட்டும் உங்களைக் காப்பாத்தாது, வீட்டுலயே இருங்க.

அப்படியும் கெளம்பிடுச்சுன்னா ரெண்டு கையாலயும் ஒரேயடியா தொங்காதீங்க, இழுத்து, விட்டு, இழுத்து, விட்டு. இடம் இருந்தா பெரிய வட்டமா திருப்பி, மெல்ல மெல்ல வட்டத்தைச் சுருக்குங்க. முழு வேகத்துல சட்டுன்னு தலையைத் திருப்பினா கால் பின்னி ரெண்டு பேரும் விழுவீங்க. திரும்ப இடமில்லாத சந்து ரோடுன்னா, ரெயினைக் குட்டையா புடிச்சு ஒரு கையை கழுத்து மேட்டுல அழுத்தி ஊணிக்கிட்டு, இன்னொரு கையால மேல் நோக்கி பின்னாடி ஒரு இழு, விடு, மறுபடியும். இதை மெதுவா நடக்கறப்பவே பழகி வச்சுக்கணும், ஓடறப்ப புதுசா கத்துக்க முடியாது. தலையில ஹெல்மெட் இல்லாம இதுல எதையுமே பண்ணாதீங்க.

வாங்கறதும் பாத்துக்கறதும்

நம்ம நாட்டுல குதிரை சாமான் பெரும்பாலும் கான்பூர்லேர்ந்து வருது, நல்லதும் வருது, மட்டமும் வருது. கையில எடுத்து நகத்தால தடவிப் பாருங்க, வார்ப்பு விளிம்பு, பிசிறு இருக்கக்கூடாது, மூட்டுல தோலைக் கிள்ளற இடைவெளி இருக்கக்கூடாது. காந்தம் வச்சுப் பாத்து ஏமாறாதீங்க, சில ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் ஒட்டும். முலாம் பூசின இரும்பு மட்டும் வேணாம், நம்ம கடல் காத்துக்கு சீக்கிரமே பொரிஞ்சு உரியும், அந்த விளிம்பு பிளேடு மாதிரி ஆயிடும். ஸ்வீட் அயர்ன், அதாவது முலாம் இல்லாத சாதா இரும்பு, துரு பிடிக்கறது இயல்பு, குதிரைக்கு அந்த ருசி பிடிக்கும்னு சொல்வாங்க, ஆனா உப்புக்காத்துல பாத்துக்கறது வேலை அதிகம், முதல் பிட்டுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலே போதும்.

விலை அதிகமா இருக்கேன்னு நெனச்சா யார்கிட்டயாவது ஒரு வாரம் இரவல் கேளுங்க, குதிரை வச்சிருக்கறவங்க வீட்டுல ஒரு சாக்கு நிறைய பழைய பிட்டு கெடக்கும். கொதிக்கற தண்ணியில போட்டு எடுத்துட்டு மாட்டுங்க, ரப்பர் சுத்தினதுன்னா வெந்நீர்ல கழுவினாலே போதும். பீச்லேர்ந்து வந்தா உடனே நல்ல தண்ணியில அலசி, மூட்டுல மணல் சிக்கியிருக்கான்னு ஆட்டிப் பாத்துட்டு, துணியால தொடைச்சு தொங்கவிடுங்க. மூட்டு தேஞ்சு லொடலொடன்னு ஆடினா அதுக்கு மேல வச்சுக்க வேணாம், புதுசு மாத்திடுங்க.